பழைய கணினியில் ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை: மதர்போர்டு போய்விட்டதா?

2009இல் வாங்கிய கோர் 2 டுவோ கணினி, பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் 'நோ சிக்னல்', கடைக்காரர் மதர்போர்டு போச்சு என்கிறார், நானே பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். ஸ்க்ரூடிரைவர், பென்சில் அழிக்கும் ரப்பர், கிடைத்தால் ஒரு மல்டிமீட்டர் போதும். மதர்போர்டு போச்சு என்பது மற்றதெல்லாம் சரி என்று தெரிந்த பிறகு கடைசியாகச் சொல்ல வேண்டியது. கழற்றிக்கூடப் பார்க்காமல் முதலிலேயே அதைச் சொல்பவரிடம் நான் கணினியைக் கொடுக்க மாட்டேன்.

தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றில் கார்டைச் செருகியதுமே ஆன்போர்டு டிஸ்ப்ளே, அதாவது மதர்போர்டிலேயே இருக்கும் மானிட்டர் இணைப்பு, நின்றுவிடும்.

அடுத்தது ரேம், அதாவது போர்டில் நீளவாக்கில் செருகியிருக்கும் நினைவகப் பட்டை. பழைய கணினியில் என் முதல் சந்தேகம் எப்போதும் இதன் மேல்தான், ஏனென்றால் தூசும் ஈரக்காற்றும் சேர்ந்து அதன் முனைகளில் படலம் கட்டிவிடும், தொடர்பு விட்டுப்போகும். பவர் கார்டைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, ரேமைக் கழற்றி அந்தத் தங்க நிற முனைகளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு, இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும், ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் ரேமே இல்லாமல் ஆன் செய்யுங்கள். பீப் சத்தம் வந்தால் சந்தோஷப்படுங்கள்: கணினியைக் கிளப்பும், போர்டிலேயே பதிந்த மென்பொருளான பயாஸைப் பிராசஸர் படித்து ஓட்டுகிறது, ரேம் இல்லை என்று புகார் சொல்கிறது, அதாவது போர்டுக்கு உயிர் இருக்கிறது. இதற்கு கேபினெட்டில் குட்டி ஸ்பீக்கர் இருக்க வேண்டும், இல்லையென்றால் உதிரிபாகக் கடையில் வாங்கி போர்டில் ஸ்பீக்கர் என்று எழுதியிருக்கும் பின்களில் மாட்டிக்கொள்ளலாம். பீப்புக்கான பொருள் பயாஸைத் தயாரித்த நிறுவனத்தைப் பொறுத்து மாறும். அவார்டு பயாஸில் ஒரு நீளமும் இரண்டு குட்டையும் வந்தால் டிஸ்ப்ளே கோளாறு; ஏஎம்ஐ பயாஸில் எட்டு குட்டை பீப் அதே பக்கம் கைகாட்டும்.

சத்தமே வரவில்லையா? அப்போது மின்சாரத்தைப் பாருங்கள். பிராசஸருக்கு அருகே சதுரமாக நான்கு பின் சாக்கெட் ஒன்று இருக்கும். பிராசஸருக்கான 12 வோல்ட் அதன் வழியாகத்தான் போகிறது. அது தளர்ந்திருந்தால் ஃபேன் ஜோராகச் சுற்றும், திரை மட்டும் வராது, அச்சு அசல் உங்கள் கணினி மாதிரியே. ஃபேன் சுற்றுவதால், கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். கணினி ஆனில் இருக்கும்போது அதிலிருந்து போர்டுக்கு வரும் பெரிய கனெக்டரின் பின்பக்கமாக மீட்டர் முனையை வைத்து, கறுப்பு வயரோடு ஒப்பிட்டு அளந்தால் மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் வர வேண்டும், 5 சதவீதம் முன்பின் இருக்கலாம், அதாவது மஞ்சளில் 11.4க்குக் கீழே போனால் எஸ்எம்பிஎஸ்தான் குற்றவாளி. சாம்பல் நிற வயரையும் அளந்துவிடுங்கள். அதில் 5 வோல்ட் வரும்வரை போர்டு பிராசஸரை ரீசெட்டிலேயே, அதாவது வேலையைத் தொடங்க விடாமல், பிடித்து வைத்திருக்கும். பச்சை வயரையும் கறுப்பையும் இணைத்து எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு, ஆனால் சுமை இல்லாமல் ஓடுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மீட்டர் இல்லையென்றால் நண்பரிடம் நன்றாக ஓடும் எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறந்துவிடாதீர்கள், உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கும்.

இவ்வளவும் சரியென்றால் ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ், முன்பக்க யுஎஸ்பி வயர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். போர்டை வெளியே எடுத்து அட்டை மேல் வைத்து பிராசஸர், கூலர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் வைத்து (ஆன்போர்டு டிஸ்ப்ளே இல்லையென்றால் கிராபிக்ஸ் கார்டும்), மானிட்டரை மாட்டி, பவர் ஸ்விட்ச் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவரால் ஒரு நொடி தொட்டு ஆன் செய்யுங்கள். இப்போது திரை வந்தால் கழற்றியதில் ஒன்றோ, போர்டுக்கு அடியில் கிடந்த ஸ்க்ரூவோதான் காரணம். போர்டில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்தால் பொதுவாகத் தேதி மட்டும்தான் தப்பும், ஆனால் சில போர்டுகள் கிளம்பவே அடம்பிடிக்கும். பிராசஸரை மட்டும் சும்மா கழற்ற வேண்டாம். உங்களுடையதில் பின்கள் சாக்கெட்டில் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் தலைவலி.

போர்டு வெளியே இருக்கும்போதே பிராசஸரைச் சுற்றிக் குட்டி உருளைகளாக நிற்கும் கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியது உப்பியோ பழுப்பாகக் கசிந்தோ இருந்தால், கடைக்காரர் சொன்னது சரிதான். அப்போதும் போர்டைத் தூக்கிப்போட வேண்டாம், டிவி மெக்கானிக்கிடம் கொடுத்து அதே அளவில் 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைந்த) வகைக் கெபாசிட்டர் போடச் சொல்லலாம். அதுவும் பலிக்கவில்லை என்றால் ஹார்ட் டிஸ்கை சாட்டா-யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி வேறு கணினியில் கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்ட் போர்டு வாங்குவதாக இருந்தால் உங்கள் பிராசஸரையும் ரேமையும் கையோடு கொண்டுபோய், கடையிலேயே மாட்டித் திரை வருவதைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.