எங்கள் பகுதிப் பூங்காவும் நடைபாதையும் பராமரிப்பில்லாமல் கிடக்கின்றன, மனு கொடுத்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

நடைபாதைக் கல் பெயர்ந்திருக்கிறது, விளக்கு எரிவதில்லை, கழிவறை எப்போதும் பூட்டு, குடியிருப்போர் சங்கத்தின் லெட்டர்பேடில் மனு கொடுத்தும் அசைவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இருப்பது சென்னைக்கு வெளியே ஒரு நகராட்சியில். ஊர்ப் பெயர் வேண்டாமே. எங்கள் பூங்காவும் ஏறக்குறைய இதே நிலைமைதான் என்பதால் பதில் சொல்கிறேன்.

நீங்கள் கொடுத்த மனுவை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். "பூங்காவை முறையாகப் பராமரித்துத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று இருக்கிறதா? அப்படியானால் "ஆவன செய்யப்படும்" என்பதுதான் பதிலாக வரும். பூங்கா பராமரிப்பு என்று அலுவலகத்தில் தனியாக ஒரு வேலை கிடையாது. பெருக்குவதும் தண்ணீர் விடுவதும் பெரும்பாலும் ஒப்பந்ததாரர் தலையில். விளக்குக்கு ஒரு பிரிவு, கழிவறைக்கு ஒரு பிரிவு, பெயர்ந்த கல்லைப் பதிக்க வேறொரு பிரிவு. பொத்தாம்பொதுவாக எழுதினால் உங்கள் மனு மேசை மேசையாகச் சுற்றிவிட்டு கோப்பில் போய்ப் படுத்துவிடும்.

அதைவிட முக்கியம், புதிதாக எதையும் கேட்காதீர்கள். நம் ஆட்கள் மனு எழுத உட்கார்ந்தால் திறந்தவெளி ஜிம், எட்டு வடிவ நடைபாதை, நீரூற்று என்று அடுக்குவார்கள். அதெல்லாம் கேட்டால் ஒருநாள் வந்தும் விடும், ஏனென்றால் புது வேலைக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. தினமும் காலையில் வந்து குழாயைத் திறந்துவிடும் ஆளுக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. எங்கள் பூங்காவில் கல்வெட்டு பளபளவென்று இருக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் உடற்பயிற்சிக் கருவியின் பெடலை நைலான் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். பேரிங் போய்விட்டதாம்.

ஆனால் எங்கள் பூங்காவைக் கொன்றது ஜிம் இல்லை, போர்வெல் மோட்டார். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எரிந்துபோய் ஒரு கோடை முழுக்கக் கிடந்தது. தண்ணீர் இல்லாததால் முதலில் புல்தரை போனது, அப்புறம் வேலியோரச் செடிகள். புல் போன இடத்தில் மண் அரித்து, பேவர் பிளாக் கற்களுக்கு அடியில் இருந்த மணல் கரைந்து, நடைபாதை ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. நடக்க வந்தவர்கள் குறைந்தார்கள், ஆள் இல்லாத இடத்தில் பாட்டில்கள் சேர்ந்தன. "நடைபாதையைச் சரிசெய்யுங்கள்" என்று நாங்கள் கத்திக்கொண்டிருந்தோம். நோய் மோட்டாரில் இருந்தது.

அது எங்களுக்குத் தெரியவந்தது ஆர்டிஐ மூலம்தான். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் பிரிவு 6(1)-இன் கீழ் மனு போடுங்கள். "ஏன் பராமரிக்கவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அந்தச் சட்டத்தில் கிடைப்பது ஆவணம், விளக்கம் இல்லை. பூங்காவின் பராமரிப்பு ஒப்பந்த நகல், அதில் உள்ள வேலைப் பட்டியல், எத்தனை ஆட்கள் வரவேண்டும், எந்த மாதத்துக்கு எவ்வளவு பில் பாஸானது, எம்-புக்கில் அந்தப் பில்லுக்கான பக்கங்கள், இவற்றைக் கேளுங்கள். எம்-புக் என்பது செய்த வேலையைப் பொறியாளர் அளந்து எழுதும் பதிவேடு. பணம் பட்டுவாடா ஆவது அதை வைத்துத்தான். பதில் தர 30 நாள், தராவிட்டால் மேல்முறையீடு. பலருக்குத் தெரியாத ஒன்று: பிரிவு 2(ஜே)-இன்படி காகிதம் மட்டுமல்ல, வேலையையே நேரில் பார்வையிடக் கேட்கலாம்.

எங்களுக்குக் கிடைத்த ஒப்பந்த நகலில் மோட்டார் பழுது ஒப்பந்ததாரர் பொறுப்பு என்று அச்சிலேயே இருந்தது. அந்த வரியை அடிக்கோடிட்டு, எரிந்த மோட்டாரின் புகைப்படத்தோடு ஒரு பக்க மனு. அந்த ஒரு வேலைக்கு மட்டும். மோட்டார் வந்துவிட்டது. யாரும் எங்களைத் திட்டவும் இல்லை, பொன்னாடை போர்த்தவும் இல்லை.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள், அந்த இடம் யார் பெயரில் இருக்கிறது? லேஅவுட் பூங்காக்களில் இது பெரிய சிக்கல். இப்போதைய விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலை நீங்கலாக 10 சதவீத இடத்தைத் திறந்தவெளிக்காக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓஎஸ்ஆர் நிலம் என்பார்கள். பத்திரம் எழுதாமலோ, எழுதியும் அலுவலகப் பதிவேட்டில் ஏற்றாமலோ விட்டிருந்தால் அதற்கு நிதி ஒதுக்க வழியே இல்லை. நீங்கள் வருடக்கணக்கில் மனு கொடுக்கலாம், அவர்கள் கணக்கில் அது பூங்காவே கிடையாது. அந்த இடத்தில் வேறு கட்டடம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டால் சும்மா இருக்காதீர்கள். தமிழ்நாட்டில் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் பாதுகாக்க 1959-லேயே தனிச் சட்டம் வந்திருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கைப் போட்டவர்கள் அந்தப் பகுதிவாசிகள்தான்.

உங்கள் நடைபாதை ஏரிக்கரையில் இருந்தால் தலைவலி இரட்டிப்பு. ஏரி நீர்வளத்துறையுடையதாக இருக்கும், கரைமேல் கல் பதித்தது உள்ளாட்சியாக இருக்கும், ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். இங்கும் ஆர்டிஐ உதவும். தங்களுடையது இல்லையென்றால் 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மனுவை அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்கிறது பிரிவு 6(3). யார் பொறுப்பு என்பது அப்போது எழுத்தில் வந்துவிடும்.

கேட்டால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் சங்கத்தின் முதல் மனுவில் பாதி, பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், ஜோடிகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற புலம்பல்தான். அதைப் படித்த அதிகாரிக்குக் கேட்டைப் பூட்டுவதுதான் சுலபமான தீர்வாகத் தெரிந்தது, பூட்டியும் விட்டார். உங்கள் மனுவில் அந்தப் பேச்சே வேண்டாம். வீட்டில் உடைந்த சாமி படத்தையும் பூஜைக் குப்பையையும் அரசமரத்தடியில் கொண்டுவந்து போடுவதை நம் ஆட்கள் நிறுத்தினாலே பெருக்க வருபவருக்குப் பாதி வேலை மிச்சம்.

நிறுவனங்களிடம் தத்துக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவை சுந்தரம் ஃபைனான்ஸ் பராமரிக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பூங்கா இருக்கும் லஸ் முனைக்குக் கிடைக்கும் புரவலர் நம் மூன்றாவது குறுக்குத் தெருவுக்குக் கிடைப்பது கஷ்டம்.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் 1913-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். விளக்குக் கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதையும் சொல்லுங்கள், "மூலையில் இருக்கும் விளக்கு" என்றால் எந்த மூலை என்று அவர்களுக்குத் தெரியாது. மற்ற ஊர்களுக்கு முதல்வரின் உதவி மையம், 1100.

எங்கள் பூங்காக் கழிவறை இன்றைக்கும் பூட்டித்தான் இருக்கிறது. பராமரிப்பு ஒப்பந்தத்தில் அது சேரவில்லை என்று நகலைப் பார்த்தபின் தெரிந்தது. அதற்குத் தனியாக ஒரு ஆர்டிஐ போட்டிருக்கிறோம், பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.