ஜப்பானில் படிக்கிறவர்களுக்கு ஜப்பானிய மொழி: கேள்வி பதில்

ஜப்பானியப் பல்கலைக்கழகங்களிலும் மொழிப் பள்ளிகளிலும் படிக்கிற, விரைவில் விமானம் ஏறப்போகிற தமிழ் மாணவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர், வெளிநாட்டு மாணவர்களுக்கு ஜப்பானிய மொழி கற்றுத்தரும் ஆசிரியை. ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருப்பது தோராயம்தான். சரியான ஒலிக்கு ஹிராகனாவில் (ஜப்பானிய ஒலியெழுத்து) பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா, என் முதுகலைப் படிப்பு முழுக்க ஆங்கிலத்தில்தான். லேபிலும் ஆங்கிலம். ஜப்பானிய மொழி கட்டாயம் வேண்டுமா?

பட்டம் வாங்குவதற்கு அது வேண்டாம். மற்ற எல்லாவற்றுக்கும் வேண்டும். வீடு கிடைத்த 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதே இடத்தில் தேசிய மருத்துவக் காப்பீடு, பிறகு வங்கிக் கணக்கு, போன் இணைப்பு. படிவங்கள் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில்தான். படிப்பு முடிந்து அங்கேயே வேலை தேடினால் பெரும்பாலான நிறுவனங்கள் என்2 (ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வின் ஐந்து நிலைகளில் மேலிருந்து இரண்டாவது) அளவாவது எதிர்பார்க்கின்றன.

அங்கே போய் இருந்தால் மொழி தானாக வந்துவிடும் என்று நம்பிப் போவதுதான் பெரிய ஆபத்து. ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். லேபில் ஆங்கிலம், விடுதியில் தமிழோ இந்தியோ, சூப்பர் மார்க்கெட்டில் நீங்களே ஸ்கேன் செய்து காசு கட்டும் இயந்திரம். காலையிலிருந்து இரவு வரை வாய் திறந்து ஜப்பானிய மொழி பேச ஒரு காரணமும் இருக்காது. இப்படியே இரண்டு வருடம் ஓடி, சாப்பாட்டுக் கடையில் விரலால் காட்டும் நிலையிலேயே பட்டம் வாங்குகிறவர்கள் நிறைய.

ஆகவே பேசியே ஆக வேண்டிய நேரங்களை நீங்களே வாரத்தில் பொருத்திக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் மையத்தில் இலவச ஜப்பானிய வகுப்பு பெரும்பாலும் இருக்கும். ஏப்ரல், அக்டோபர் பருவத் தொடக்கத்தில் நிலை அறியும் தேர்வு வைப்பார்கள். அதைத் தவறவிட்டால் அரை வருடம் போய்விடும், வந்த வாரமே தேதியைக் கேட்டு வையுங்கள். புதிதாக வரும் வெளிநாட்டு மாணவருக்கு ஒரு ஜப்பானிய மாணவரைத் துணைக்கு அமர்த்தும் 'ச்யூட்டா' ஏற்பாடு உங்கள் துறையில் உண்டா என்றும் கேளுங்கள். இருந்தால் அந்த நேரத்தை ஆங்கிலத்தில் கழிக்காதீர்கள். ஊரின் சர்வதேச பரிமாற்றச் சங்கங்கள் தன்னார்வலர்களை வைத்து வகுப்பு நடத்துகின்றன, கட்டணம் மிகக் குறைவு. பாடம் சொல்லித்தருபவர்களில் ஓய்வு பெற்ற பெரியவர்கள் அதிகம். உங்களிடம் ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும் என்ற தேவை அவர்களுக்கு இல்லை, அதுதான் உங்களுக்கு லாபம்.

தமிழும் ஜப்பானிய மொழியும் ஒன்று போல என்கிறார்களே, உண்மையா?

இரண்டுக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஆனால் அமைப்பு ஒத்துப்போவதை நீங்கள் முழுசாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் வாரக்கணக்கில் திணறும் இடங்கள் நமக்குப் பழகிய பாதை.

'தாபேத்தே' என்பது 'சாப்பிட்டு'. அதோடு 'மிரு' (பார்) சேர்த்தால் 'சாப்பிட்டுப் பார்'. 'கத்தே ஒக்கு' என்றால் 'வாங்கி வை'. 'வசுரேத்தே ஷிமத்தா' என்றால் 'மறந்துவிட்டேன்'. 'தோ ஒமோஉ' அப்படியே 'என்று நினைக்கிறேன்'. பாடப்புத்தகத்தின் ஆங்கில விளக்கத்தை மூடிவிட்டு, வாக்கியத்தின் பக்கத்தில் தமிழை எழுதுங்கள். சொல் வரிசை பெரும்பாலும் மாறாமல் வரும்.

'அகேரு' (நாம் பிறருக்குக் கொடுப்பது), 'குரேரு' (பிறர் நமக்குத் தருவது) இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே வினைதான், அதனால் எல்லோரும் குழம்புவார்கள். பழந்தமிழில் இந்த வேறுபாடு இருந்தது. தன்மைக்கும் முன்னிலைக்கும் வருவது 'தருதல்', படர்க்கைக்குப் போவது 'கொடுத்தல்' என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. 'குரேரு'வைத் 'தா' என்றும் 'அகேரு'வைக் 'கொடு' என்றும் வைத்துப் பழகுங்கள். யார் பக்கம் வருகிறது, யார் பக்கம் போகிறது என்பது கைவந்துவிடும்.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. ஜப்பானிய வினையில் -ஏன், -ஆய், -ஆர் போன்ற விகுதி கிடையாது. யார் செய்தார் என்பதைச் சூழலிலிருந்து பிடிக்க வேண்டும்.

இலக்கணம் எல்லாம் சரியாகத்தான் பேசுகிறேன். ஆனால் எதிரில் இருப்பவர் இரண்டு மூன்று தடவை "ஹாய்?" என்று திருப்பிக் கேட்கிறார். என்ன தவறு?

அநேகமாக ஒலி. இதை முதல் இரண்டு மாதத்தில் சரி செய்யாவிட்டால் பிறகு மாற்றுவது ரொம்பக் கடினம்.

தமிழில் 'தமிழ்' என்பதன் த-வும் 'தர்மம்' என்பதன் த-வும் ஒரே எழுத்து. ஜப்பானிய மொழியில் அவை இரண்டு வேறு ஒலிகள், பொருளையே மாற்றும். 'தைகக்கு' என்பதைத் 'தர்மம்' த-வில் தொடங்கினால் பல்கலைக்கழகம். 'தமிழ்' த-வில் தொடங்கினால் படிப்பை விட்டு விலகுவது. குடியேற்ற அலுவலகக் கவுன்ட்டரில் இது எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் சொல்லின் நடுவில். தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றை வல்லினம் வந்தால் அது மெலிந்துவிடும். மெலியாமல் இருக்க வேண்டுமென்றால் இரட்டித்தால்தான் உண்டு. 'பகல்', 'பக்கம்' சொல்லிப் பாருங்கள். ஜப்பானிய மொழியில் மூன்றாவது ஒன்று இருக்கிறது: ஒற்றை, ஆனால் மெலியாதது. நம் நாக்கு அதை ஒன்று மெலிக்கும், இல்லை இரட்டிக்கும். நூல் என்ற சொல்லை (ito) மெலித்தால் அது கிணறு (ido). ஓசை என்ற சொல்லை (oto) இரட்டித்தால் அது கணவன் (otto).

பயிற்சி இப்படி. ஒரு விரலைத் தொண்டையில் வையுங்கள். நூல்–கிணறு ஜோடியை (ito–ido) மெதுவாகச் சொல்லுங்கள். நூலில் நடுவே அதிர்வு ஒரு கணம் நிற்க வேண்டும், கிணற்றில் நிற்காமல் ஓட வேண்டும். அடுத்து மாத்திரைக்கு ஒரு தட்டு எனக் கை தட்டுங்கள். தமிழில் மெய்க்கு அரை மாத்திரை, ஜப்பானிய மொழியில் அதற்கும் ஒரு முழு மாத்திரை. ஓசைக்கு இரண்டு தட்டு, கணவனுக்கு மூன்று, 'நிப்போன்' என்றால் நான்கு. தினம் 10 நிமிடம், போனில் பதிவு செய்து, அகராதி ஆப்பின் ஒலியோடு ஒப்பிடுங்கள்.

'கொஸாய்மஸ்' என்பதில் வரும் ஸ-வை 'ஜ' ஆக்குவது இன்னொரு வழக்கமான பிழை. 'ஸ்ஸ்' என்று இழுத்தபடியே தொண்டையை அதிரவிட்டால் சரியான ஒலி வரும். ஏற்ற இறக்கத்துக்கு ஓஜாட் என்ற இலவச இணைய அகராதி இருக்கிறது. வாக்கியத்தைக் கொடுத்தால் எங்கே குரல் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டும்.

காஞ்சி (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்) எத்தனை தெரிந்தால் போதும்? எழுதிப் பழக வேண்டுமா?

அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 இருக்கின்றன. அந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். எழுத்துகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதுதான் வீண் உழைப்பு. பல எழுத்துகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசிப்புகள் இருக்கும். அவற்றைச் சொல்லோடு படித்தால்தான் நிற்கும்.

பெரும்பாலான காஞ்சிகளில் ஒரு பகுதி பொருளையும் மறுபகுதி ஒலியையும் சுட்டும். 'அஓ' (நீலம்) என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நீர்க்குறி சேர்ந்தால் தெளிவு, சூரியன் சேர்ந்தால் வானம் வெளுப்பது, பேச்சுக்குறி சேர்ந்தால் கோருவது, அரிசிக்குறி சேர்ந்தால் நுண்மை. நான்கையுமே 'ஸே' என்று வாசிக்கலாம். இப்படி ஒலிக் குடும்பமாகச் சேர்த்து ஒரு நோட்டில் எழுதிவந்தால், முன்பின் பார்க்காத சொல்லையும் அகராதியில் ஊகித்துத் தேட முடியும்.

ஆன்கி என்ற நினைவு அட்டை ஆப்பில் ஒரு நாளுக்குப் புதிய அட்டை 10-க்கு மேல் வைக்காதீர்கள். சில வாரத்தில் மறுபார்வை மட்டும் தினம் 80, 100 என்று ஏறிவிடும். 20, 30 என்று ஆர்வத்தில் வைத்தவர்கள்தான் மூன்றாம் மாதம் ஆப்பையே நீக்குகிறார்கள். பருவத் தேர்வு வாரங்களில் புதிய அட்டையைப் பூஜ்யமாக்குங்கள், மறுபார்வையை மட்டும் நிறுத்த வேண்டாம்.

கையால் எழுத வேண்டியது உங்கள் முகவரி, பல்கலைக்கழகம், துறை, தேதி. படிவங்களில் இவைதான் வரும். மீதியைத் தட்டச்சு செய்யலாம்.

பெயரைக் கட்டகானாவில் (வெளிநாட்டுச் சொற்களுக்கான எழுத்து) எழுதச் சொல்கிறார்கள். எப்படி எழுதினாலும் சரிதானா?

எப்படி எழுதினாலும் சரி, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ல, ள, ழ, ர எல்லாம் ஒரே வரிசைக்குள் போய்விடும் என்பதால் ஒரு பெயரை மூன்று விதமாக எழுத இடமுண்டு. வங்கிக் கணக்கில் ஒரு மாதிரி, சம்பளப் படிவத்தில் வேறு மாதிரி இருந்தால் பணம் திரும்பிவிடும். முதல் நாளே முடிவு செய்து, போனில் படமெடுத்து வைத்து, அதையே பார்த்து எழுதுங்கள்.

என்2 எழுதப்போகிறேன். எங்கே மதிப்பெண் போகிறது?

ஜேஎல்பிடி ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. என்2-வில் 180-க்கு 90 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் மொழியறிவு, வாசிப்பு, கேட்டல் ஒவ்வொன்றிலும் 60-க்கு 19 கட்டாயம். மொத்தம் 110 எடுத்து, வாசிப்பில் 18 வாங்கினால் தோல்விதான். நம் மாணவர்கள் பொதுவாகச் சறுக்குவது இந்த வாசிப்பில்.

காரணம் நேரம். சொல், இலக்கணம், வாசிப்பு மூன்றுக்கும் சேர்த்து 105 நிமிடம், ஒரே வினாத்தாள். முன்பகுதியில் யோசித்து உட்கார்ந்தால் கடைசி நீளப் பத்திகளுக்கு நேரம் இருக்காது. சொல்லையும் இலக்கணத்தையும் 35 நிமிடத்தில் முடித்துவிட்டு நகருங்கள். தெரியாத சொல்லைப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தாலும் அது தெரியவராது. தவறுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஒன்றையும் காலியாக விடாதீர்கள். கேட்டல் பகுதி மறுபடி ஒலிக்காது. ஒரு கேள்வி போனால் போனதுதான், அடுத்ததைப் பிடியுங்கள்.

இந்தத் தேர்வில் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. என்2 சான்றிதழ் வைத்துக்கொண்டு போனில் ஒரு முன்பதிவு செய்ய முடியாதவர்கள் இருக்கிறார்கள். தேர்வுப் படிப்பு பேச்சுப் பழக்கத்தின் நேரத்தைத் தின்ன விடாதீர்கள்.

பார்ட் டைம் வேலைக்குப் போனால் மொழி வருமா?

வேலையைப் பொறுத்தது. இரவில் உணவுத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினால் ஒரு வார்த்தையும் வராது. கன்வீனியன்ஸ் ஸ்டோர் கவுன்ட்டரில் முதல் இரண்டு மாதம் நன்றாக வரும். பை வேண்டுமா, சூடு பண்ணவா, வயதை உறுதி செய்யுங்கள் என்று ஏறக்குறைய இருபது வாக்கியம்தான், அதன் பிறகு வளர்ச்சி நின்றுவிடும். சிறிய உணவகத்தில் பரிமாறும் வேலை மேல். வாடிக்கையாளர் எதிர்பாராததைக் கேட்பார், சமையலறைக்குள் நட்பு மொழியும் காதில் விழும்.

விதி முக்கியம். முதலில் வேலை அனுமதி வாங்க வேண்டும், விமான நிலையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வாரம் 28 மணி நேரம், எத்தனை கடையில் வேலை பார்த்தாலும் எல்லாம் சேர்த்து. நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணி. பச்சிங்கோ (சூதாட்ட இயந்திரம்) கடை, இரவு கேளிக்கை விடுதி போன்றவற்றில் பாத்திரம் கழுவுவதுகூடக் கூடாது. மீறினால் விசா நீட்டிப்பு மறுக்கப்படலாம்.

பேராசிரியருக்கு மெயில் எழுதவே பயமாக இருக்கிறது.

ஒரு சட்டகத்தை வைத்துக்கொண்டால் பயம் போய்விடும். தலைப்பில் பாடத்தின் பெயரும் விஷயமும். முதல் வரி, அவருடைய குடும்பப் பெயரும் 'சென்செய்'யும் (ஆசிரியர்). 'சமா', 'சான்' என்ற மரியாதை ஒட்டுகள் வேண்டாம். அடுத்து உங்கள் துறை, பெயர். அதன் பின் 'ஒஸேவா நி நத்தே ஒரிமஸ்' (உங்கள் உதவிக்கு நன்றி என்ற வழக்கமான தொடக்கம்). பிறகு விஷயம், ஒரு வரிக்கு ஒரு செய்தி. வேண்டுகோளை '-தே இத்ததக்கேமசென் தெஷோ கா' (செய்து தர முடியுமா) என்று முடியுங்கள். கடைசியில் 'யொரோஷிக்கு ஒனேகய் இத்தஷிமஸ்' (தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள் என்ற முடிப்பு).

'சரி' என்பதற்கு 'ர்யோகய்' வேண்டாம், 'ஷோச்சி இத்தஷிமஷித்தா' எழுதுங்கள். பெரியவர்களுக்கு 'கொகுரோசமா' (மேலே இருப்பவர் கீழே இருப்பவரின் உழைப்பைப் பாராட்டுவது) சொல்லவே கூடாது. 'அனத்தா' (நீங்கள்) என்று அழைக்கவும் கூடாது.

நமக்குக் கடினமான இடம் ஒன்று. "எங்க மேனேஜர் சொன்னார்" என்று தமிழில் யாரிடமும் மரியாதையோடுதான் சொல்வோம். ஜப்பானிய மொழியில் வெளியாளிடம் பேசும்போது உங்கள் மேலாளரையும் உங்களோடு சேர்த்துப் பணிவு வினையில் ('மோஷித்தே ஒரிமஸ்') சொல்ல வேண்டும். மரியாதை விகுதியைப் போட்டால் கேட்பவருக்கு உறுத்தும்.

சுத்த சைவம். பாக்கெட்டில் எதைப் படிக்க வேண்டும்?

'கென்ஸைர்யோமே' என்ற மூலப்பொருள் பகுதியை. எடை அதிகமானது முதலில் வரும். காஞ்சியில் பன்றி, மாடு, பறவை, மீன், முட்டை ஐந்தையும் கண்ணுக்குப் பழக்குங்கள். கட்டகானாவில் போக்கு (பன்றி), சிக்கின் (கோழி), எக்கிசு (பிழிசாறு), ராதோ (பன்றிக் கொழுப்பு), ஸெராச்சின் (ஜெலாட்டின்). 'கத்சுவோ', 'நிபோஷி', 'கியோகய்' எல்லாம் மீன், கடல் உணவு வகை. உடோன் சாறு, மிசோ சூப், கான்சொமே சுவை சிப்ஸ் மூன்றிலும் பெரும்பாலும் ஏதாவது இருக்கும். ஒவ்வாமைக் கட்டத்தை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். முட்டை, பால், கோதுமை, இறால் கட்டாயம் போடுவார்கள். மாடு, பன்றி, கோழி, ஜெலாட்டின் போடுவது கட்டாயமில்லை.

டாக்டரிடம் வலியை எப்படிச் சொல்வது?

நம் இரட்டைக்கிளவி போல. விண்விண் என்று தெறித்தால் 'ஸுக்கிஸுக்கி', ஊசி குத்துவது போலிருந்தால் 'சிக்குசிக்கு', வயிற்றைத் துளைப்பது போலிருந்தால் 'கிரிகிரி', மண்டையில் அடிப்பது போலிருந்தால் 'கங்கங்'. டாக்டர்களே இப்படித்தான் கேட்பார்கள். காப்பீட்டில் 30 சதவீதம் உங்கள் பங்கு. ஆம்புலன்ஸ் 119.

பெரிய தொகையைச் சொன்னால் தலை சுற்றுகிறது.

ஆயிரத்துக்கு மேல் பத்தாயிரம்தான் அலகு, 'மன்'. லட்சம் என்றால் 10 மன், கோடி என்றால் 1,000 மன், பத்துக் கோடி ஒரு 'ஒக்கு'. மில்லியன் வழியாகப் போகாமல் லட்சத்திலிருந்து நேராக மாற்றுங்கள்.

ஏப்ரலில் முதுகலை சேர்கிறேன், அங்கேயே வேலை தேட வேண்டும். என்2 எப்போதுக்குள்?

முதல் வருட டிசம்பருக்குள். பட்டம் வாங்குவதற்கு முந்தைய வருடம் மார்ச் 1-ல் நிறுவனங்கள் அதிகாரபூர்வமாகத் தகவல் வெளியிடத் தொடங்கும், ஜூன் 1 முதல் தேர்வு. அதாவது நீங்கள் சேர்ந்து பதினொரு மாதம் முடிந்ததுமே எல்லாம் தொடங்கிவிடும். கோடை இன்டர்ன்ஷிப்புக்கு இன்னும் முன்னதாகவே விண்ணப்பம். விண்ணப்பத்தாள், நேர முள் ஓடும் எஸ்பிஐ என்ற திறனறித் தேர்வு, நேர்காணல் எல்லாம் ஜப்பானிய மொழியில்.

இப்போது ஊரில்தான் இருக்கிறீர்கள் என்றால், கிளம்பும் முன் இரண்டு கானாவும் 'என்4' இலக்கணமும் முடித்துவிடுங்கள். சென்னையிலேயே ஜேஎல்பிடி மையம் இருக்கிறது. முதல் ஜூலையில் என்3, டிசம்பரில் என்2. ஜூலை முடிவு ஆகஸ்ட் கடைசியில் வரும், அதற்காகக் காத்திருக்காமல் டிசம்பருக்கான பதிவைத் திறந்ததும் செய்துவிடுங்கள். முடிவு வந்த பிறகு பார்க்கலாம் என்று விட்டால் பதிவு மூடும் நாள் நெருங்கிவிடும்.