ஹம்மஸ்: கடலை பாதி, எள் பாதி

கொண்டைக்கடலையும் எள் விழுதும் சேர்த்து அரைக்கும் அரபு மசியலான ஹம்மஸ், கடலை வடையான ஃபலாஃபல் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் சமையல் பகுதியினர் தரும் பதில்கள்.

கே: வெள்ளைக் கொண்டைக்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் ஐந்து விசில் விட்டு, மிக்ஸியில் நெடுநேரம் ஓட்டியும் ஹம்மஸ் துவையல் மாதிரி திப்பிதிப்பியாகத்தான் வருகிறது. கடையில் மட்டும் வெண்ணெய் போல எப்படி வருகிறது? (வாசகி, மதுரை)

ப: மிக்ஸியைத் திட்டாதீர்கள். தப்பு குக்கரில் நடந்திருக்கிறது. ஐந்து விசில் என்பது சுண்டல் பதம். சுண்டலுக்குக் கடலை முழுதாக நிற்க வேண்டும், தோல் உரியக் கூடாது. ஹம்மஸுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். தோல் கழன்று மிதக்க வேண்டும். ஒரு கடலையை இரு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கினால் சந்தனம் போல வழிய வேண்டும். உள்ளே சிறு மணி தட்டுப்பட்டாலும் அடுப்பிலிருந்து இறக்காதீர்கள். நன்றாகச் சுண்டல் செய்கிறவர்களுக்கு அந்தக் கடலையைப் பார்த்தால் 'குழைந்து கெட்டுவிட்டதே' என்று மனசு பதறும். பதறட்டும்.

250 கிராம் கடலைக்கு மூன்று பங்கு தண்ணீர் ஊற்றி, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா போட்டு 12 மணி நேரம் ஊறவையுங்கள். கோடையில் ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது, வெளியே வைத்தால் புளித்துவிடும். ஊறிய தண்ணீரைக் கொட்டி, இரண்டு மூன்று முறை அலசி, புதுத் தண்ணீரும் அரைத் தேக்கரண்டி சோடாவும் சேருங்கள். மூடாமல் முதலில் கொதிக்கவிட்டு, பொங்கி வரும் நுரையையும் தோலையும் கரண்டியால் வழித்தெடுத்த பிறகுதான் குக்கரை மூட வேண்டும். இல்லாவிட்டால் தோல் போய் விசில் குழாயை அடைக்கும். குக்கர் பாதிக்கு மேல் நிரம்பவே கூடாது. மிதமான தீயில் ஏழெட்டு விசில், பிறகு தீயைக் குறைத்து பத்து நிமிடம். திறந்து நசுக்கிப் பாருங்கள்; போதாவிட்டால் இன்னும் மூன்று விசில்.

சோடா எதற்கு என்றால், கடலையின் செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. காரத்தன்மையுள்ள தண்ணீரில் அது சீக்கிரம் கரையும், புளிப்பில் கரையாது. உப்புச்சுவையுள்ள போர்த் தண்ணீரில் இருக்கும் கால்சியம் அந்தப் பசையை இறுக்கிவிடும். எத்தனை விசில் விட்டாலும் கடலை விறைத்தே நிற்கிறது என்று எழுதும் பலருடைய வீட்டிலும் காரணம் இந்தத் தண்ணீராக இருக்கலாம். குடிநீர்க் கேன் தண்ணீரில் ஒருமுறை வேகவைத்துப் பாருங்கள். இன்னொரு காரணம் பழைய கடலை. வெக்கையிலும் ஈரக் காற்றிலும் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்த கடலைக்கு மருந்தே கிடையாது. சோடாவை அளவுக்கு மேல் கொட்டினால் சோப்பு வாடை அடிக்கும், பி1 வைட்டமினும் அழியும்.

அரைப்பதில் ஒரு வரிசை உண்டு. வெந்த கடலை சூடாக இருக்கும்போதே தண்ணீரை வடித்து, கடலையை மட்டும் முதலில் மைய அரையுங்கள். ஆறிய கடலையின் மாவு இறுகிவிடும், பிறகு மையாது. அடுத்து தஹினி என்ற எள் விழுது 200 முதல் 250 கிராம், எலுமிச்சைச் சாறு 4 மேசைக்கரண்டி, பூண்டு 3 பல், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. கடைசியில் ஐஸ் தண்ணீர் 100 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியபடியே நாலைந்து நிமிடம் ஓட்டுங்கள், மிக்ஸி சூடானால் நடுவில் நிறுத்துங்கள். ஜாரில் இட்லி மாவைவிடச் சற்றுத் தளர்வாகத் தெரிய வேண்டும். அரை மணியில் அதுவே இறுகும். ஜாரிலேயே கெட்டியாக இருந்தால் தட்டில் களிமண்தான்.

தஹினி அளவைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். அரபு மொழியில் 'ஹும்முஸ்' என்றால் கொண்டைக்கடலை, அவ்வளவே. பண்டத்தின் முழுப் பெயர் 'ஹும்முஸ் பி தஹீனா', அதாவது எள் விழுது சேர்த்த கடலை. இரண்டு கரண்டி தஹினி போட்டுவிட்டு மீதியை ஆலிவ் எண்ணெயால் ஈடுகட்டும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. ஆலிவ் எண்ணெய் தட்டில் ஊற்றத்தான். அரைக்கும்போது ஊற்றினால் கசப்பு ஏறும்.

கே: தஹினி விலை மலைக்க வைக்கிறது. வீட்டில் அரைக்கலாமா? கறுப்பு எள் ஆகுமா? (வாசகர், திருநெல்வேலி)

ப: அரைக்கலாம். கறுப்பு எள் ஆகாது. தோலோடு இருக்கும் எந்த எள்ளும் ஆகாது. எள்ளின் தோலில் ஆக்சாலிக் அமிலம் இருக்கிறது, கசப்பு அங்கிருந்துதான் வருகிறது. பழைய முறையில் எள்ளை ஊறவைத்து, தேய்த்து, கெட்டியான உப்புத் தண்ணீரில் போடுவார்கள். பருப்பு மிதக்கும், தோல் அடியில் தங்கும். நமக்கு அந்தப் பாடு வேண்டாம், தோல் நீக்கிய வெள்ளை எள் கடையிலேயே கிடைக்கிறது.

250 கிராம் எள்ளைச் சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் கிளறுங்கள். லேசாக உப்பி, வாசனை வந்ததும் தட்டில் கொட்டிவிடுங்கள். எள்ளுப்பொடிக்கு வறுப்பது போலச் சிவந்து படபடவென்று வெடித்தால் கை மீறிவிட்டது. ஆறியதும் சிறிய ஜாரில் விட்டுவிட்டு அரைக்க வேண்டும். முதலில் பொடி, பிறகு உருண்டை, அதற்கும் பிறகு எள்ளின் எண்ணெய் விட்டு இளகும். பலர் உருண்டைக் கட்டத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். வாசனையில்லாத எண்ணெய் இரண்டு மூன்று மேசைக்கரண்டி சேர்த்து, தோசை மாவு போலக் கரண்டியிலிருந்து ஒழுகும்வரை ஓட்டுங்கள். செக்கு நல்லெண்ணெய் வேண்டாம். அதன் வாசனை கடலையை அமுக்கிவிடும். எள் ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு, விருந்துக்குச் செய்தால் சொல்லிவிட்டுப் பரிமாறுங்கள்.

கே: தஹினியில் எலுமிச்சை பிழிந்ததும் சிமெண்ட் மாதிரி கட்டிக்கொண்டது. தூக்கி எறிந்துவிட்டேன். (வாசகி, கோவை)

ப: அடடா, இன்னும் நாலு கரண்டி தண்ணீர் ஊற்றியிருக்கலாமே. தஹினி என்பது எண்ணெயில் மிதக்கும் எள் துகள். கொஞ்சம் தண்ணீர் பட்டதும் துகள்கள் எல்லாம் அதை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேலும் ஊற்றினால் விடுபட்டு, வெளுத்து, பால் போன்ற குழம்பாகும். கட்டுவது வழியில் வரும் ஒரு கட்டம்தான்.

எலுமிச்சை கையில் இருக்கும்போதே இன்னொன்று. பூண்டைத் தட்டியவுடன் எலுமிச்சைச் சாற்றில் போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். பூண்டின் எரிப்பை உண்டாக்கும் நொதி புளிப்பில் அடங்கிவிடும். பிறகு சாற்றை வடிகட்டிச் சேர்க்கலாம்.

கே: ஹம்மஸ் எங்கள் உணவு என்று லெபனானும் இஸ்ரேலும் சண்டை போடுகின்றனவாமே. உண்மையில் யாருடையது? (வாசகர், யாழ்ப்பாணம்)

ப: சண்டை உண்மை. 2008-இல் லெபனான் தொழிலதிபர்கள் சங்கம், ஹம்மஸ் என்ற பெயரை லெபனானுக்கே உரியதாக்க வேண்டும் என்று கிளம்பியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஃபெட்டா பாலாடைக்கட்டிக்குக் கிரீஸ் வாங்கிய பாதுகாப்பைப் போல ஒன்றைக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அப்புறம் கின்னஸ் பந்தயம். 2010 ஜனவரியில் ஜெருசலேமுக்கு அருகில் உள்ள அபு கோஷ் என்ற ஊரில் ஒரு சாட்டிலைட் டிஷ்ஷில் 4,090 கிலோ ஹம்மஸை நிரப்பினார்கள். அதே வருஷம் மே மாதம் லெபனான் 10,452 கிலோ செய்தது. எடை ஏன் அவ்வளவு துல்லியம்? லெபனானின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர்! இதில் ஒரு வேடிக்கை, இஸ்ரேல் பெயரில் பந்தயம் கட்டிய அபு கோஷ் அரபு முஸ்லிம்கள் வாழும் ஊர்.

இரண்டு நாடுகளும் தோன்றுவதற்கு வெகு முன்பே, 13-ஆம் நூற்றாண்டு கெய்ரோவின் சமையல் ஏடுகளில் வெந்த கடலையை மசித்துச் செய்யும் பண்டம் வந்துவிடுகிறது. அதில் வினிகர், ஊறுகாய் எலுமிச்சை, மூலிகைகள், வாசனைச் சாமான்கள் எல்லாம் உண்டு, பூண்டு இல்லை. இன்று நாம் சாப்பிடும் வடிவம் சிரியா, லெபனான், பாலஸ்தீனம், ஜோர்டான் அடங்கிய ஷாம் பகுதியில் பிடித்த பதம். இஸ்ரேலிய யூதர்கள் அதைப் பாலஸ்தீன அரபுக் கடைகளில் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்வதில் யாருக்கும் குறைச்சல் இல்லை. யாஃபாவின் அபு ஹசன், ஆக்ரே (அக்கா) நகரின் சயீத், ஜெருசலேம் பழைய நகரத்தின் அபு ஷுக்ரி என்று பேர்போன கடைகளின் பெயர்களைப் பார்த்தாலே தெரியும். கடலைச் செடியின் பூர்விகம் கேட்டால் இன்னும் வடக்கே, தென்கிழக்குத் துருக்கி. இன்று உலகிலேயே அதிகம் விளைவிப்பது இந்தியா.

கே: பைபிளில் ரூத் சாப்பிட்டது ஹம்மஸ்தான் என்று ஒரு செய்தி சுற்றுகிறதே? (வாசகர், பாளையங்கோட்டை)

ப: ரூத் 2:14-இல் போவாஸ் அவளை அப்பத்தைத் தோய்த்துச் சாப்பிடச் சொல்கிறான். எபிரேயச் சொல் 'ஹோமெட்ஸ்'. ஒலி ஒற்றுமையை வைத்து அது கடலை மசியல் என்று சிலர் வாதாடுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு வழக்கமான பொருள் புளித்த காடி. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பிலும் 'காடி' என்றுதான் இருக்கிறது. அறுவடை வெயிலில் நிற்கிறவர்களுக்குக் காடி பொருந்தாமலும் இல்லை.

கே: ஃபலாஃபல் எண்ணெயில் போட்டதும் பிரிந்து போகிறது. வேகவைத்த கடலையில் மைதா கலந்தும் பார்த்தேன். (வாசகி, ஷார்ஜா)

ப: மசால் வடைக்குப் பருப்பை வேகவைத்தா அரைப்பீர்கள்? அதே நியாயம்தான் இங்கும். ஊறிய பச்சைக் கடலையின் மாவுச்சத்து எண்ணெய்ச் சூட்டில்தான் முதன்முறையாக வெந்து, துகள்களைப் பிடித்துக்கொள்கிறது. ஏற்கெனவே வெந்த கடலைக்கு அந்தப் பிடிமானம் தீர்ந்துபோயிருக்கும்.

250 கிராம் கடலையை ஒரு இரவு ஊறவைத்து, துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றியெடுங்கள். சிறு வெங்காயம் ஒரு கை, பூண்டு 4 பல், மல்லித்தழையும் பார்ஸ்லியும் ஆளுக்கு ஒரு கட்டு, சீரகம், தனியா, உப்பு. தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. ரவை பதத்துக்கு அரைத்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் இன்னும் ஒரு சுற்று. மைய அரைத்துவிட்டால் உள்ளே மாவாகக் கனக்கும். அரை மணி ஃப்ரிட்ஜில் வைத்து, பொரிக்கப் போகும்போது அரைத் தேக்கரண்டி சோடா கலக்குங்கள். எண்ணெய் 175 டிகிரி. சூடு குறைந்தால் உதிரும், கூடினால் வெளியே கருகி உள்ளே பச்சை வாடை அடிக்கும். முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். எகிப்தில் இதையே தோல் நீக்கிய பாகலா அவரையில் செய்து 'தாமியா' என்பார்கள், உள்ளே பச்சைப்பசேல் என்று இருக்கும்.

கே: டின் கடலையில் செய்தால் நன்றாக வருமா? (வாசகர், லண்டன்)

ப: வரும். அலசி, அரைத் தேக்கரண்டி சோடாவும் தண்ணீரும் சேர்த்து 20 நிமிடம் கொதிக்கவிடுங்கள். தோல் மிதந்ததும் வழித்துவிட்டு அரைக்கலாம். டின்னில் உப்பு உண்டு, ருசி பார்த்துப் போடுங்கள்.

கே: பொட்டுக்கடலையில் செய்யலாமா? (வாசகி, சேலம்)

ப: செய்யலாம். அதன் பெயர் சட்னி.

கே: ஹம்மஸை எதற்கெல்லாம் தொட்டுக்கொள்ளலாம்? தினமும் குப்பூஸ் ரொட்டிதானா? (வாசகர், சென்னை)

ப: தொட்டுக்கொள்வது என்ற நினைப்பே சூப்பர் மார்க்கெட் டப்பாவோடு வந்தது. ஷாம் நாடுகளில் இது பசியாறும் காலைச் சாப்பாடு. பழைய கடைகளில் இரவெல்லாம் கடலை வெந்து, காலையில் வெதுவெதுப்பாக அரைபடும். பானை காலியானால் கடை மூடிவிடும். தட்டையான கிண்ணத்தில் வழித்து, கரண்டி முதுகால் நடுவே குழி செய்து, ஆலிவ் எண்ணெய், சீரகப்பொடி, முழுக்கடலை நாலு. பக்கத்தில் ஊறுகாயும் பச்சை வெங்காயமும். வெங்காயத்தின் ஒரு இதழைக் கழற்றி அதிலேயே அள்ளிச் சாப்பிடுகிறவர்களும் உண்டு.

அரைக்கவே சோம்பலாக இருந்தால் 'முஸப்பஹா' செய்யுங்கள். குழைந்த சூட்டுக் கடலையைக் கரைத்த தஹினியில் புரட்டி, பூண்டும் எலுமிச்சையும் சேர்த்தால் முடிந்தது. எங்களைக் கேட்டால் அரைத்த ஹம்மஸைவிட இதுவே ஒரு படி மேல். மீந்து காய்ந்த ரொட்டி இருந்தால் 'ஃபத்தே': வறுத்த ரொட்டித் துண்டு மேல் சூட்டுக் கடலை, அதன் மேல் பூண்டும் தஹினியும் கலந்த தயிர், கடைசியில் நெய்யில் பொரித்த கொட்டைப் பருப்பு. ரொட்டி நமநமத்துப் போவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். துனிசியாவில் குளிர்காலக் காலைகளில் 'லப்லாபி' கிடைக்கும். கிண்ணத்தில் பிய்த்த ரொட்டி, அதன் மேல் சாறோடு கொதிக்கக் கொதிக்கக் கடலை, சீரகம், ஹரீஸா என்ற மிளகாய் விழுது, அரைவேக்காட்டு முட்டை. உறைப்புக்குப் பழகிய நாக்கு முதல் வாயிலேயே அதற்கு அடிமையாகும்.

மிச்சமான ஹம்மஸ் ஃப்ரிட்ஜில் நான்கு நாள் தாங்கும். இறுகியிருந்தால் வெந்நீர் இரண்டு கரண்டி விட்டு அடித்துக்கொள்ளுங்கள்.

கே: வியாழக்கிழமை குருபகவானுக்குச் சாத்திய கொண்டைக்கடலை மாலை பிரசாதமாகக் கிடைத்தது. அதை ஹம்மஸ் செய்யலாமா? (வாசகி, கும்பகோணம்)

ப: அன்று சாயங்காலமே கிடைத்து, பிசுபிசுப்போ புளித்த வாடையோ இல்லாவிட்டால் தாராளமாகச் செய்யலாம். நூலை உருவி, ஊசித் துளையில் நூல் துணுக்கு நிற்கிறதா என்று பார்த்து, நாலு தண்ணீரில் அலசி வேகவையுங்கள். மாலைக்கடலை கோயிலில் காய்ந்து கொஞ்சம் இறுகியிருக்கும், இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். முளை எட்டிப் பார்த்திருந்தால் ஹம்மஸில் பச்சை வாசம் வரும். அதைச் சுண்டலாகத் தாளித்துவிடுங்கள். மறுநாள் கிடைத்துப் புளித்திருந்தால் செடிக்கு உரம்.