பவர் அதிகம், பட்ஜெட் குறைவு: எந்த டயரைப் போடுவது?

கேள்வி: 450 குதிரைத்திறன் கொண்ட பின்சக்கர இயக்கக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். கையிருப்பெல்லாம் காரிலேயே போய்விட்டது. பின்பக்க டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. முன்பக்கத்தில் இருப்பது வேறு பிராண்ட், பாதி தேய்ந்தவை. நான்கும் 245/40 ஆர்18 அளவு. கடைக்காரர், ‘ட்ரெட்வேர் 500, ரொம்ப நாள் உழைக்கும், விலையும் குறைவு’ என்று பின்னால் போட இரண்டு டயர்களைக் காட்டுகிறார். நண்பர் ஒருவர், ட்ராக்கில் ஓட்டிய டயர் பாதித் தேய்மானத்தில் இருக்கிறது, சும்மாவே எடுத்துக்கொள் என்கிறார். தினமும் வேலைக்குப் போகிற கார், மழையிலும் ஓட்டியாக வேண்டும். எதை எடுக்கலாம்?

பதில்: இரண்டுமே வேண்டாம். நான்கு டயர்களையும் ஒரே மாடலாகப் போடுங்கள். ஈரத்தில் நன்றாகப் பிரேக் பிடிக்கிற, நடுத்தர விலை சம்மர் டயர் (உறைபனி இல்லாத இடத்துக்கான டயர்) போதும். அதற்குப் பணம் இல்லையே என்பதுதான் உங்கள் கவலை. வழி இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும்.

பவர் அதிகமான கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்பது, ‘இந்த டயர் என் பவரைத் தாங்குமா’ என்றுதான். உங்கள் விலை வரம்பில் எந்தத் தெரு டயரும் தாங்காது. கணக்கு எளிது. காய்ந்த சாலையில் ஒரு நல்ல டயர், தன் மேல் எவ்வளவு எடை அழுத்துகிறதோ ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் தரையைப் பிடித்துத் தள்ள முடியும். ஒன்றரை டன் காரில், கிளம்பும்போது எடை பின்னுக்குச் சாய்ந்தாலும் பின் டயர் இரண்டிலும் சேர்த்து 800, 900 கிலோ அழுத்தினால் பெரிது. உங்கள் எஞ்சினோ இரண்டாம் கியரில் முழு ஆக்ஸிலரேட்டரில் அதைவிட அதிகமாகத் தள்ளக்கூடியது. காய்ந்த சாலையிலேயே இந்த நிலைமை என்றால் மழையில் கேட்கவே வேண்டாம்.

ஆனால் பவரை அடக்க உங்கள் வலது கால் இருக்கிறது, சக்கரம் வழுக்கினால் தானாகவே பவரைக் குறைக்கும் ட்ராக்ஷன் கன்ட்ரோல் இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டால் சக்கரம் வழுக்கிச் சுழல்வது நின்றுவிடும். பிரேக்குக்கு அப்படி ஒரு மாற்று கிடையாது. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுமே தவிர, ரப்பரில் இல்லாத பிடிமானத்தை உண்டாக்கித் தராது. பவர் அதிகம் என்றால் வளைவுக்கு வந்து சேரும்போது வேகமும் அதிகம். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. ஆகவே கிளம்புவதற்காக டயர் வாங்காதீர்கள். நிற்பதற்காக வாங்குங்கள்.

இப்போது அந்தக் கடைக்காரர் காட்டிய ட்ரெட்வேர் 500-க்கு, அதாவது தேய்மான எண்ணுக்கு வருவோம். இந்த எண்ணை வைத்து விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். இது அமெரிக்காவின் யூடிக்யூஜி என்ற தர முறையில் வருவது. 100 என்ற எண் கொண்ட ஓர் ஒப்பீட்டு டயருடன் சேர்த்துச் சுமார் 11,600 கிலோமீட்டர் ஓட்டி, தேய்மானத்தை ஒப்பிட்டுக் கணக்கிடுகிறார்கள். எண்ணை முடிவு செய்து பொறிப்பது டயர் தயாரிக்கிற நிறுவனமேதான். அதனால் ஒரு நிறுவனத்தின் 500-ஐ இன்னொரு நிறுவனத்தின் 400-உடன் ஒப்பிடுவதில் பெரிய அர்த்தமில்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு நடுவே வேண்டுமானால் ஒப்பிடலாம். பொதுவாக எண் ஏற ஏற ரப்பர் கடினமாகும், பிடிமானம் குறையும். 450 குதிரைத்திறன் காருக்கு இது நேர்மாறான தேர்வு. இன்னொன்று: வழுக்கிச் சுழல்கிற டயர் சீக்கிரம் தேயும். 500 என்று போட்டிருப்பது உங்கள் பின்சக்கரத்தில் 500-க்கான ஆயுளைத் தராது.

அதே வரிசையில் ட்ராக்ஷன் என்று ‘ஏஏ’, ‘ஏ’ என எழுத்துகள் இருக்கும். நனைந்த தரையில் நேர்கோட்டில் சக்கரத்தைப் பூட்டி இழுத்து அளந்தது அது. வளைவைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. ஐரோப்பிய லேபிள் கொஞ்சம் மேல். ஈரப்பிடிமானத்துக்கு ஏ முதல் இ வரை தரம் தருகிறது. நனைந்த சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 20-க்கு இறங்க எவ்வளவு தூரம் ஆகிறது என்று பார்க்கிறார்கள். அதுவும் புது டயரில், நேர்கோட்டில் மட்டும். தேங்கிய தண்ணீரில் மிதக்குமா, வளைவில் எப்படி விடும், காய்ந்த சாலையில் எப்படி நிற்கும் என்பதற்கெல்லாம் இரண்டு முறைகளிலுமே தரம் கிடையாது. எரிபொருள் சிக்கனத்துக்கு ஒரு எழுத்து, சத்தத்துக்கு ஒரு எழுத்து தரத் தெரிந்தவர்களுக்கு, ஒரு மனிதன் உயிரோடு வீடு திரும்புவதற்கு வேண்டிய தகவலைத் தர இத்தனை வருடமாகத் தோன்றவில்லை. இருப்பதை வைத்துத்தான் வாங்கியாக வேண்டும். ஐரோப்பிய லேபிள் கிடைத்தால் ஈரத்துக்கு ஏ அல்லது பி மட்டும் பாருங்கள். சி என்றால் வைத்துவிட்டு நகருங்கள். லேபிள் இல்லாவிட்டால், ஒரே அளவில் பல டயர்களை நனைந்த தடத்தில் ஓட்டிப் பார்த்து எழுதிய ஒப்பீட்டுச் சோதனைகளைத் தேடிப் படியுங்கள்.

அளவு ஒன்றாக இருந்தால் போதாது. அளவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். 97 ஒய் என்றால், ஒரு டயர் 730 கிலோ தாங்கும், மணிக்கு 300 கிலோமீட்டர் வரை தாங்கும். டபிள்யூ 270, வி 240, எச் 210. கார்க் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ கையேட்டிலோ போட்டிருப்பதற்குக் கீழே இறங்காதீர்கள். ‘நீங்கள் என்ன 300-லயா போகப் போறீங்க’ என்று கடையில் சொல்வார்கள். போக மாட்டீர்கள். ஆனால் உயர்ந்த எழுத்துக்குத் தகுதி பெற, டயருக்குள் இருக்கும் பெல்ட்டும் நைலான் அடுக்கும் சூட்டைத் தாங்கும்படி கட்டப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் காசு கொடுப்பது அந்தக் கட்டுமானத்துக்கு.

அடுத்தது நண்பர் தரும் ட்ராக் டயர். தேய்மானம் பாதிதான் என்பதை நம்பாதீர்கள். சூடாகி ஆறி, சூடாகி ஆறி வந்த ரப்பர், ட்ரெட் (தரையைத் தொடும், பள்ளம் வெட்டிய பகுதி) மிச்சமிருக்கும்போதே இறுகிவிடும். அந்த வகை டயர்களுக்குப் புதிதாக இருக்கும்போதே பள்ளம் குறைவு. பாதி தேய்ந்த பிறகு தண்ணீர் போக வழியே இருக்காது. மழையில் தினமும் ஓட்டுகிறவருக்கு அதை யாராவது இலவசமாகத் தந்தாலும் வாங்கக் கூடாது.

பழைய டயர் வியாபாரத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. சில வருடங்களுக்கு முன்னால் என்னிடம் ஒரு கார் வந்தது. பவர் கிட்டத்தட்ட உங்களுடையதைப் போலவே. ‘டயர் புதுசு, ஆனா ஈரத்துல ரெண்டாவது கியர்லயே வால் ஆட்டுது, டிஃபரன்ஷியல் பாருங்க’ என்றார் அதன் சொந்தக்காரர். டயர் பளபளவென்று கறுப்பாக இருந்தது, ட்ரெட் முழுசாக இருந்தது. துணியை வைத்து அழுத்தித் துடைத்தேன். துணியில் பாலிஷ் ஒட்டிக்கொண்டு வந்தது, பள்ளத்தின் அடியில் மயிரிழை போல வெடிப்புகள் தெரிந்தன. கட்டை விரல் நகத்தால் ட்ரெட்டை அழுத்தினேன், தடமே விழவில்லை. வெளிப்பக்கச் சைடுவாலில் (டயரின் பக்கச்சுவரில்) தேதி இல்லை. சக்கரத்தைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தால் உள்பக்கத்தில் நாலு இலக்கம் இருந்தது. டயருக்கு ஒன்பது வயது. விற்றவர் தேதி இருக்கும் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டிக் கொடுத்திருக்கிறார்.

அந்த நாலு இலக்கத்தைப் படிப்பது கஷ்டமே இல்லை. டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பல டயர்களில் இது ஒரு பக்கம்தான் இருக்கும். அதனால் ரிம்மில் மாட்டுவதற்கு முன்பே, டயர் தரையில் கிடக்கும்போதே, நான்கிலும் படித்துவிடுங்கள். மாட்டிவிட்டுக் காட்டுகிறேன் என்பவரிடம் வாங்க வேண்டாம். என் கணக்கில் இரண்டு வருடத்துக்கு மேல் கிடங்கில் இருந்த டயரை முழு விலைக்கு எடுக்கக் கூடாது. ஒருவர் ஓட்டிய பழைய டயரை எந்த விலைக்கும் எடுக்கக் கூடாது. பஞ்சர் ஒட்டியதா, காற்று இறங்கிய நிலையில் ஓட்டி உள்சுவர் நசுங்கியதா என்பது வெளியிலிருந்து தெரியாது.

‘சரி, இப்போதைக்குப் பின்னால் இரண்டை மட்டும் மாற்றலாமா’ என்று கேட்பீர்கள். ஒரே ஒரு சூழ்நிலையில் மாற்றலாம். முன்னால் இருப்பது நீங்கள் வாங்கப் போகும் அதே பிராண்ட், அதே மாடலாக இருக்க வேண்டும். பிராண்ட் ஒன்று, மாடல் வேறு என்றால் கணக்கில் வராது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்கள் ஈரத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். முன்னால் ட்ரெட் ஆழம் குறைந்தது 4 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் ஆழமானியை உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடத்திலும் வைத்துப் பாருங்கள். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் தவறியிருக்கிறது. அதைச் சரி செய்யாமல் எந்த டயரைப் போட்டாலும் அதே கதிதான். டயர்களின் வயதும் பக்கத்தில் இருக்க வேண்டும். இவ்வளவும் பொருந்தினால் புது இரண்டையும் பின்னால் போடுங்கள். முன்சக்கர இயக்கக் காராக இருந்தாலும் புதுசு பின்னால்தான். முன் டயர் வழுக்கினால் கார் நேராக ஓடும், வேகத்தைக் குறைத்தால் திரும்பிவிடும். பின் டயர் வழுக்கினால் கார் சுற்றும். பழகாதவரால் அதைத் திருப்பிக்கொண்டு வர முடியாது. நான்கு சக்கர இயக்கம் என்றால் இந்த விலக்கும் கிடையாது. ட்ரெட் வித்தியாசத்தால் சுற்றளவு மாறி, முன், பின் சக்கரங்களுக்குப் பவரைப் பிரித்துத் தரும் சென்டர் டிஃபரன்ஷியலோ ட்ரான்ஸ்ஃபர் கேஸோ ஓயாமல் வேலை செய்து சூடேறிக் கெட்டுப்போகும். உங்கள் காரில் முன்னால் இருப்பது வேறு பிராண்ட் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்களுக்கு நான்கும்தான்.

பணம் எங்கே மிச்சமாகும்? ரிம்மில். 18 அங்குலத்திலிருந்து 17-க்கு இறங்கினால் டயர் விலை பெரும்பாலும் நன்றாகக் குறையும், தேர்ந்தெடுக்கவும் நிறைய இருக்கும். 245/40 ஆர்18 என்றால் அகலம் 245 மில்லிமீட்டர், சைடுவால் உயரம் அதில் 40 சதவீதம், ரிம் 18 அங்குலம். அதன் மொத்த விட்டம் சுமார் 653 மில்லிமீட்டர். 245/45 ஆர்17 சுமார் 652. ஸ்பீடோமீட்டர் ஏமாறாது, அகலமும் குறையாது, சைடுவால் உயரம் கூடுவதால் குழியில் ரிம் வளைவதும் குறையும். பழைய ரிம் வாங்குவதில் தவறில்லை. விரிசல் இருக்கிறதா என்று உள்ளும் புறமும் பார்க்கலாம், வளைவு இருக்கிறதா என்று பேலன்சிங் மெஷினில் சுற்றிப் பார்த்துவிடலாம். டயரில் அப்படிப் பார்க்க முடியாது. ஆனால் பவர் அதிகமான காரில் பிரேக் பெரிது. 17 அங்குல ரிம், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் காலிபரில் இடிக்கலாம். ஒரே ஒரு ரிம்மை முன்சக்கரத்தில் மாட்டிக் கையால் முழுசாகச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுங்கள். இந்த அளவில் சாதாரண டயருக்கு எடை எண் 95, கூடுதல் எடை தாங்கும் எக்ஸ்எல் டயருக்கு 99. உங்கள் கார் 97 கேட்கிறது என்றால் எக்ஸ்எல்தான் எடுக்க வேண்டும்.

பெயர் தெரியாத பிராண்டுக்கும் உச்ச விலைப் பிராண்டுக்கும் நடுவே, பெரிய நிறுவனங்களே நடத்தும் இரண்டாம் வரிசைப் பிராண்டுகள் இருக்கின்றன. பிஎஃப்குட்ரிச் மிஷெலினுடையது. ஜெனரல் 1987-இலிருந்தும் ஃபயர்ஸ்டோன் 1988-இலிருந்தும் முறையே கான்டினென்டல், பிரிட்ஜ்ஸ்டோன் வசம் இருக்கின்றன. ஃபால்கன் சுமிடோமோவினுடையது, லாஃபென் ஹன்குக்கினுடையது. இவற்றில் ‘அல்ட்ரா ஹை பெர்ஃபார்மன்ஸ் சம்மர்’ என்ற வகையில் தேடுங்கள். பிராண்ட் பெயரை மட்டும் பார்த்து அதே பிராண்டின் சிக்கன மாடலை எடுத்துவிடாதீர்கள். உறைபனி விழும் இடமானால் சம்மர் டயர் ஆகாது. 7 டிகிரிக்குக் கீழே போனால் ரப்பர் விறைத்துவிடும்.

மாட்டிய பிறகு, காற்றைக் கார் தகட்டில் போட்டிருக்கும் அளவுக்கே வையுங்கள். டயரில் பொறித்திருப்பது உச்ச அழுத்தம், ஓட்ட வேண்டிய அழுத்தம் அல்ல. நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி பாருங்கள். புது டயரின் மேல், அதை வார்த்த அச்சிலிருந்து வந்த மெல்லிய படலம் இருக்கும். அது தேய்ந்து போக முந்நூறு கிலோமீட்டராவது ஆகும். அதுவரை, குறிப்பாக மழையில், ட்ராக்ஷன் கன்ட்ரோலை அணைக்காதீர்கள்.