எம்.புக்கைக் கேளுங்கள்: ஊராட்சி வேலைகள் பற்றிய கேள்வி பதில்

ஊராட்சி ஒன்றியத்தில் 26 வருடம் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சாலை, வாய்க்கால், மேல்நிலைத் தொட்டி என்று அளந்து எழுதியதுதான் என் வேலை. நம் ஊரில் நடக்கும் வேலையை நாமே எப்படிக் கண்காணிப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஐயா, எங்கள் தெருவில் சிமென்ட் ரோடு போட்டு, பலகையும் வைத்திருக்கிறார்கள். திட்டத்தின் பெயர், தொகை எல்லாம் இருக்கிறது. இது போதாதா?

போதாது தம்பி. பலகை, அனுமதித்த தொகையைச் சொல்லும். ரோடு எத்தனை மீட்டர் நீளம், என்ன கனம், எந்தக் கலவை என்பது எஸ்டிமேட்டில், அதாவது வேலைக்கு முன் போடும் மதிப்பீட்டில் இருக்கும். உண்மையில் எவ்வளவு போட்டார்கள், எதற்குப் பணம் கொடுத்தார்கள் என்பது எம்.புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில் இருக்கும். ஓவர்சியர் அளந்து எழுதுவார், பொறியாளர் சரிபார்ப்பார், அதை வைத்துத்தான் பில் பாஸ் ஆகும். எஸ்டிமேட், எம்.புக், தெருவில் கிடக்கும் ரோடு மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்றால் 45 கன மீட்டர் கான்கிரீட். கனத்தை 10 சென்டிமீட்டராகக் குறைத்தால் 30 கன மீட்டர்தான் ஆகும். மிச்சம் 15 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட் என்று வைத்தாலே 120 மூட்டை. மேலே நின்று பார்த்தால் இரண்டு ரோடும் ஒரே மாதிரி இருக்கும். ஓரத்தில் மண் அணைப்பதற்கு முன்னால் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓரிடத்தில் பார்த்தால் போதாது, நாலைந்து இடத்தில் பாருங்கள். ஓரத்தில் மட்டும் கனமாகப் போட்டு நடுவில் குறைப்பதும் உண்டு. அதனால் கான்கிரீட் போடும் அன்றைக்கே யாராவது நிற்பது நல்லது. அடியில் கிராவல் பரப்பி உருளை ஓட்டினார்களா என்பதையும் அன்றைக்குத்தான் பார்க்க முடியும். மூடிய பிறகு எழுதியதுதான் கணக்கு.

எம்.புக்கை எங்களிடம் எப்படிக் காட்டுவார்கள் சார்? ஆபீசில் கேட்டால் விரட்டிவிடுகிறார்கள்.

வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன் கீழ் மனு. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 'பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலகம்' என்று போட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அவர்களிடம் இல்லாத தகவல் என்றால் 6(3)இன்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

என்ன கேட்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 'எங்கள் ஊராட்சியில் நடந்த எல்லா வேலைகளின் விவரம்' என்று கேட்டால் ஒன்றும் புரியாத ஒரு அட்டவணை வரும். ஒரே ஒரு வேலையை எடுங்கள். அதன் எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம்.புக் பக்கங்கள், பில் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். கூடவே, 2(ஜே) பிரிவின்படி வேலை நடக்கும் இடத்தைப் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் விரும்புகிறேன் என்று ஒரு வரி சேருங்கள். தகவல் என்றால் காகிதம் மட்டும்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வேலையைப் பார்வையிடுவதும் அந்தச் சட்டம் தந்த உரிமை.

இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஊராட்சிக் கணக்கு எல்லாமே இருக்கிறது, மனு எதற்கு என்கிறார் எங்கள் ஊராட்சி செயலர்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. 2020 ஏப்ரல் 24இல் தொடங்கிய அந்தத் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, வருடம் என்று தேர்ந்தெடுத்தால் ஒப்புதல் பெற்ற திட்டமும் செலவும் வரும். ஆனால் அதில் முக்கியமாக இருப்பது மத்திய நிதிக்குழு மானியத்தில் நடக்கும் வேலைகள். எம்.எல்.ஏ. தொகுதி நிதி, எம்.பி. நிதி, மாநிலத் திட்டங்கள் என்று உங்கள் தெருவுக்கு வரும் பணத்துக்கு நாலைந்து வாய்க்கால் உண்டு. 'இந்த வேலை எந்தத் திட்டத்தில்?' என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அது தெரிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும். தளத்தில் 'முடிந்தது' என்று போட்டிருந்தால் அதை ஒரு தகவலாக எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போங்கள்.

கிராம சபையில் கேட்டால் பிரயோஜனம் உண்டா? எங்கள் ஊரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள்.

உண்டு அம்மா, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு ஊரில் வேலைப் பட்டியலை வாசித்தார்கள். 'தெற்குத் தெரு கழிவுநீர் வாய்க்கால், 120 மீட்டர்' என்றதும் கடைசி வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்தார். "ஏம்ப்பா, எங்க தெருவே பிள்ளையார் கோயிலோட முடிஞ்சிடுதே, 120 மீட்டர் எங்க இருக்கு?" என்று கேட்டார். கூட்டம் அப்படியே எழுந்து போய் டேப் பிடித்தது. 74 மீட்டர். அந்தப் பட்டியலை நானும் முன்பே படித்திருந்தேன், எனக்கு உறைக்கவில்லை. அந்தத் தெருவில் தினமும் நடக்கிறவருக்கு உடனே உறைத்தது. ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊரில் 1994 டிசம்பரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு நடத்திய முதல் மக்கள் விசாரணையிலும் நடந்தது இதுதான். கணக்கை ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்துக்கான போராட்டம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு 6 கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைவெண் வரம்பும் உண்டு. 501 முதல் 3,000 பேர் உள்ள ஊராட்சி என்றால் 100 பேர் வர வேண்டும். கையெழுத்துப் போடும் முன், தீர்மானப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் கேட்ட கேள்வி தீர்மானத்தில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அது பேச்சோடு போய்விடும்.

எங்கள் ஊரில் தலைவரே இல்லை, தனி அலுவலர்தான். இப்போது யாரைக் கேட்பது?

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததால் வந்த நிலை அது. பதில் சொல்ல வேண்டியவர், தலைவர் இடத்தில் அரசு நியமித்த அந்தத் தனி அலுவலர்தான். கிராம சபையும் மனுவும் அப்படியேதான் இருக்கின்றன.

நான் ஒரு ஊராட்சி செயலர். பக்கத்து ஊரில் இதே நீளத்துக்கு ஒரு லட்சம் குறைவு என்று வாட்ஸ்அப்பில் என்னைத் திருடன் என்கிறார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் வலி புரிகிறது. இதைக் கேட்டதற்கு நன்றி. ஒரே நீளம் என்பதால் ஒரே செலவு ஆகாது. கரிசல் மண்ணாக இருந்தால் அடித்தளத்தைக் கூடுதலாகப் போட வேண்டும். ஜல்லியும் எம்.சாண்டும் எவ்வளவு தூரத்திலிருந்து வருகின்றன என்பதும் எஸ்டிமேட்டை மாற்றும். கேள்வி கேட்பவர்கள் முதலில் எஸ்டிமேட்டைப் படிக்க வேண்டும், படிக்காமல் ஒருவர் பேரைக் கெடுப்பது பெரிய தவறு. அதே நேரம், நீங்கள் அந்த எஸ்டிமேட்டின் நகலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தால் இந்தப் பேச்சு கிளம்பியே இருக்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் கேட்காமலே வெளியிடத்தான் சொல்கிறது. நேர்மையாக வேலை செய்கிறவருக்கு அதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை.

தனியாக மனு போட பயமாக இருக்கிறது அண்ணா.

பயம் நியாயமானது. தனியாகப் போகாதீர்கள். மகளிர் குழு, இளைஞர் மன்றம் என்று நாலைந்து பேர் சேருங்கள், ஒவ்வொருவரும் ஒரு மனு போடுங்கள். மனுவில் குற்றச்சாட்டு ஒரு வரிகூட வேண்டாம், நகல் மட்டும் கேளுங்கள். மிரட்டல் வந்தால் தேதி, நேரத்தோடு குறித்துவைத்துக் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள்.

நாங்கள் கல்லூரி மாணவர்கள். எங்கள் ஊராட்சி வேலைகளை ஒரு அட்டவணையாகப் போட நினைக்கிறோம். எப்படித் தொடங்குவது?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. பெரிய செயலி எல்லாம் வேண்டாம். வேலையின் பெயர், எந்த இடம், எந்தத் திட்டம், எஸ்டிமேட் தொகை, தொடங்கிய தேதி, எம்.புக் அளவு, நீங்கள் அளந்த அளவு, கொடுத்த பணம். இந்த 8 கட்டம் போதும். முதல் வருடம் 3 வேலை மட்டும் எடுங்கள். போனில் இருப்பதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி ரேஷன் கடைக்கு எதிரே ஒட்டுங்கள், வரிசையில் நிற்கிறவர்கள் படிப்பார்கள். 'நீங்கள் அளந்த அளவு' என்ற கட்டத்தை நிரப்பப் போகும்போது 30 மீட்டர் டேப் எடுத்துப் போங்கள். அதன் மறுமுனையைப் பிடிக்க ஊராட்சி செயலரையே கூப்பிடுங்கள்.