பியூரெட்ல எந்த மட்டத்தை பாக்கணும்? வாசகர் கேள்விகளும் பதிலும்

ப்ராக்டிகல் நேரம் வந்துடுச்சு, இந்த வாட்டி வந்த கேள்வில பாதி பியூரெட், அதான் திரவத்தை அளந்து விடுற கோடு போட்ட ஒல்லி கண்ணாடிக் குழாய், அது பத்திதான். தண்டையார்பேட்டைல இத்தனை வருஷமா ட்யூஷன் எடுக்குறேன், இது மாறவே மாறாது.

தண்ணி ஏன் சார் நடுவுல குழியா நிக்குது?

தண்ணிக்கு கண்ணாடின்னா ஒட்டுதல் ஜாஸ்தி தம்பி, அதனால ஓரத்துல சுவத்தை புடிச்சி ஏறிடும். கண்ணாடி டம்ளர்லயும் ஏறத்தான் செய்யுது, உத்துப் பாரு, ஆனா சில மில்லிமீட்டர் தள்ளி வந்தா தண்ணியோட எடை இழுத்து தட்டையாக்கிடும். பியூரெட் ஒல்லி, ரெண்டு பக்க வளைவும் நடுவுல வந்து சேந்துடுது, தட்டையா நிக்க எடம் ஏது? பாதரசத்துக்கு தன் ஆளுங்கதான் முக்கியம், கண்ணாடியை ஒதுக்கிட்டு நடுவுல உப்பி நிக்கும். திரவம் கண்ணாடியைத் தொடுற எடத்துல உண்டாகுற கோணம், அதாவது சேர்கோணம், தண்ணிக்கு கிட்டத்தட்ட 0, பாதரசத்துக்கு 140 டிகிரி பக்கம்.

பெர்மாங்கனேட்ல கீழ்மட்டமே தெரியலையே?

அது அடர் ஊதா கலரு, குழியோட அடி தெரியாது. மேல்மட்டத்தை, அதாவது குழியோட மேல் ஓரத்தை பாரு, ஆனா ஆரம்பத்துலயும் முடிவுலயும் அதையே பாரு. நான் படிக்கிறப்போ மொதல்ல கீழ, அப்புறம் மேலன்னு பாத்து ரெண்டு கோடு வித்தியாசம் வந்து முழிச்சவன். கண்ணு மட்டத்துக்கு நேரா இருக்கணும், மேலேருந்து எட்டிப் பாத்தா பியூரெட்ல கம்மியா காட்டும்.

எங்க பியூரெட்ல குழி சரியா வரல, உள்ள துளித்துளியா ஒட்டுது.

எண்ணெய்ப் பிசுக்கு. சோப்பு போட்டு கழுவு.

ராயபுரத்துல பழைய வீடு, கீழ்வீட்டு சொவுருல இடுப்பு ஒசரத்துக்கு ஓதம். மழை இல்லாதப்பவும் இருக்கு, இதுவும் அதேதானா சார்?

அதேதாம்மா, இதுக்குப் பேர் நுண்புழை ஏற்றம். 1 மில்லிமீட்டர் அகல கண்ணாடி குழாய்ல தண்ணி 3 சென்டிமீட்டர் ஏறும், அதுல பத்துல ஒரு பங்கு அகலம்னா 30 சென்டிமீட்டர், செங்கல்லுலயும் சுண்ணாம்புலயும் இருக்குற ஓட்டை இன்னும் பொடிசு, அதான் தரையிலேருந்து உறிஞ்சிக்கினே போவுது. தண்ணி காய்ஞ்சதும் உப்பு மட்டும் வெள்ளையா பூத்து நிக்கும். ஒருத்தர் டைல்ஸ் ஒட்டிடலாம்னு சொன்னாராமே, வேணாம்மா, காய வழி இல்லாம ஓதம் டைல்ஸுக்கு மேல போய் எட்டிப் பாக்கும், அப்புறம் அதுக்கு மேல ஒரு வரிசை டைல்ஸ் ஒட்ட வேண்டியதுதான்.