நிலாவெளி வளவில் கலியாணம்: கமராவை எடுக்கமுதல் கிழக்கைப் பாருங்கள்

கேள்வி: "அண்ணா, நானும் திருகோணமலைதான். நாலு வருசமாக மண்டபக் கலியாணங்கள் எடுக்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் லண்டனிலிருந்து வரும் ஒரு சோடிக்கு, நிலாவெளியில் கடலோரமாக இருக்கும் அவர்களுடைய தாத்தாவின் பழைய தோட்ட வீட்டில் கலியாணம். மொத்தம் 60 பேர்தான். காலை 9.12க்கு முகூர்த்தம், இரவு கோட் சூட் போட்டு மேசையில் இருந்து சாப்பிடும் விருந்து. கடல் பின்னால் தெரியத் தாலி கட்டும் படம் வேண்டும் என்கிறார்கள். என்னிடம் இரண்டு கமரா, 24-70, 85 லென்ஸ்கள், இரண்டு பிளாஷ் இருக்கின்றன. எப்படித் திட்டமிடுவது?"

தம்பி, முதலில் அந்தக் கடல் படத்தின் கதையை முடித்துவிடுவோம். அது வராது. மணவறையில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் கிழக்குப் பார்த்துத்தான் இருப்பார்கள், நிலாவெளியில் கடலும் கிழக்கில்தான் இருக்கிறது, ஆகவே அவர்கள் கடலைப் பார்ப்பார்கள், கடல் உங்கள் முதுகுக்குப் பின்னால் கிடக்கும். ஐயரிடம் போய் மணவறையைத் திருப்பச் சொல்லிக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம். சோடியிடம் இன்றைக்கே சொல்லுங்கள்: தாலி கட்டும் படத்தில் பின்னால் வருவது தாத்தாவின் வீடு, அந்த ஓடு, அந்த விறாந்தை. என்னைக் கேட்டால் கடலைவிட அதுதான் அவர்களுக்குப் பெறுமதி. கடலை எவருடைய அல்பத்திலும் பார்க்கலாம்.

கிழக்கு என்றதும் அடுத்தது வெயில். மண்டபத்தில் வெளிச்சத்தை நீங்களே கொண்டுபோகிறீர்கள், வளவில் அது எங்கிருந்து வருகிறதோ அங்கே நீங்கள் போக வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் 9 மணி தாண்டும்போது சூரியன் கிழக்கில் ஏறக்குறைய பாதி உயரத்தில் நிற்கும், நேரே இருவருடைய கண்ணிலும் குத்தும். தாலி கட்டும் நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கும் பொம்பிளையை எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. ஆகவே சோடனைக்காரரோடு பேசுங்கள். பந்தலின் முன் விளிம்பு 10 அடி உயரம் என்றால், மணவறையிலிருந்து அது குறைந்தது 6 அடி முன்னுக்கு நீள வேண்டும், 8 அடி என்றால் நிம்மதி. அப்படிச் செய்தால் வெயில் மறையும், ஆனால் கிழக்கு வானத்தின் வெளிச்சம் முழுவதும் முகத்தில் மெதுவாக விழும். அந்த வெளிச்சத்துக்குப் பிளாஷே தேவையில்லை. மேல் துணி வெள்ளையாக இருக்கட்டும். சிவப்பும் மஞ்சளும் கட்டினால் அந்த நிறம் முகத்தில் இறங்கும், பிறகு கூறையின் நிறத்தைச் சரிசெய்யப் போனால் தோல் கெடும், தோலைச் சரிசெய்யப் போனால் கூறை கெடும்.

தென்னை மர நிழலை மட்டும் நம்ப வேண்டாம். பார்க்கக் குளிர்ச்சி, படத்தில் முகமெல்லாம் வெயில் புள்ளி.

தாலி கட்டும்போது எங்கே நிற்பது? மாப்பிள்ளை எழும்பி, பொம்பிளையின் வலப்பக்கம் வந்து, வடக்குப் பார்த்து நின்று கட்டுவது வழக்கம். அதாவது அவர் தெற்குப் பக்கம் நிற்கிறார், பொம்பிளையின் இடப்பக்கம் அவர் இருந்த இருக்கை வெறுமையாகக் கிடக்கிறது. நீங்கள் வடகிழக்கு மூலையில் நின்றால் அந்த வெறும் இருக்கைக்கு மேலால் இருவருடைய முகமும், தாலிக்கொடியும், பின்னால் விளக்குப் பிடிக்கும் தோழியும் ஒரே சட்டத்துக்குள் வரும். நடுவை வீடியோக்காரருக்கு விட்டுவிடுங்கள், அதை முதல் நாள் இரவே பேசி முடியுங்கள். ஒவ்வொரு ஐயரும் ஒவ்வொரு மாதிரி என்பதால் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். அவர் மேளக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கும் கணம்தான் உங்களுக்கும் சைகை. அறுகரிசி காற்றில் நிற்கிற மாதிரி வேண்டுமென்றால் ஷட்டர் வேகம் 1/500 செக்கனைவிட மெதுவாகப் போகக்கூடாது.

இன்னொன்று, கச்சான் காற்று. ஆகஸ்டில் அது மேற்கிலிருந்து, தரைப் பக்கமிருந்து அடிக்கும். ஓமப் புகை முழுக்கக் கிழக்கே நிற்கும் உங்கள் மூஞ்சிக்குத்தான் வரும். புகைக்குள் நேரே பிளாஷ் அடித்தால் சாம்பல் திரை விழுந்த மாதிரி இருக்கும், அடிக்கவே வேண்டாம். மூலையில் நிற்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு அனுபவம். பல வருசத்துக்கு முன் உப்புவெளியில் ஒரு வீட்டில் பொம்பிளையை ஏசி அறைக்குள் எடுத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று யாரோ கத்த, கமராவோடு முற்றத்துக்கு ஓடினேன். லென்ஸ் முழுக்க வெண்புகார். துடைக்கத் துடைக்கத் திரும்பவும் படிகிறது. தோழன் காலைக் கழுவுகிறார், மாப்பிள்ளை மோதிரம் போடுகிறார், ஆலத்தி எடுக்கிறார்கள், என் கமராவில் எல்லாம் பால் ஊற்றினது போல. அன்றிலிருந்து ஒரு கமரா எப்போதும் வெளியே விறாந்தையில்தான் இருக்கும். அறைக்குள் போனதை பையில் மூடியபடி வெளியே வைத்து, அரை மணி நேரம் கழித்துத்தான் திறப்பேன். உங்களிடம் இரண்டு இருக்கின்றன, பிறகென்ன.

60 பேர் என்பதைச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். 500 பேருக்குள் நீங்கள் ஓடித் திரிந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். 60 பேர் கதிரையில் அமைதியாக இருக்கும்போது நீங்கள் ஒரு அடி வைத்தாலும் அத்தனை தலையும் திரும்பும். ஆகவே உதவிக்கு ஒருவர் போதும், இருவரும் விருந்தாளிகள் மாதிரி உடுத்துங்கள், பின்னால் கம்பனிப் பெயர் அடித்த ரீசேட் வேண்டாம். சத்தமில்லாத ஷட்டரைப் பாவியுங்கள், ஆனால் எல்ஈடி வெளிச்சத்தில் படத்தில் கோடு விழும், முதலே ஒரு படம் எடுத்துச் சோதியுங்கள். மணவறைப் பக்கம் செருப்பில்லாமல்தான் நிற்பீர்கள். 10 மணிச் சீமெந்துத் தரை எப்படிச் சுடும் என்று உங்களுக்கே தெரியும், ஒரு துண்டுச் சாக்கைப் போட்டு வையுங்கள்.

குடும்பப் படங்களை முகூர்த்தம் முடிந்த கையோடு எடுங்கள். 11 மணி தாண்டினால் வெளியே நிற்க வைக்க வேண்டாம், அந்த நாட்களில் மத்தியானச் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேரே வரும், ஒவ்வொருவர் கண்ணும் குழிக்குள் கறுத்துக் கிடக்கும். விறாந்தையின் விளிம்பில், கூரை நிழலுக்குள், முகம் வெளியே பார்த்தபடி நிறுத்துங்கள். ஒரு குழுவுக்கு 2 நிமிடம் என்று 15 குழு, அரை மணி நேரம். பெயர் சொல்லிக் கூப்பிட வீட்டாள் ஒருவர் கட்டாயம் வேண்டும், நல்ல தொண்டையுள்ள ஒரு மச்சாள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பெரியப்பாவை விட்டுவிட்டுச் சித்தப்பாவை முதலில் நிறுத்தினால் வரும் வினையை அந்த மச்சாளே பார்த்துக்கொள்வார்.

பின்னேரம்தான் கடல். 5.30 அளவில் தென்னைகளின் நிழல் கரைக்கு வந்துவிடும். அப்போது இருவரையும் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள், வெளிச்சம் இதமாக இருக்கும். சூரியன் 6.15 அளவில் மேற்கே தரைப் பக்கம் இறங்கும், கடலில் விழாது. கடலில் சூரியன் விழத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் திருகோணமலை நகரத்தில் உவர்மலைப் பக்கம் போய் உள் துறைமுகத்தைப் பார்த்து நிற்கட்டும். ஆனால் சூரியன் விழுந்ததும் பெட்டியைக் கட்ட வேண்டாம். பிறகு ஒரு 10 நிமிடம் கிழக்கு வானம் கடலுக்கு மேலே இளஞ்சிவப்பாக நிற்கும், பட்டுச் சேலைக்கு அதைவிட நல்ல பின்னணி கிடையாது.

இரவு விருந்துக்கு மரத்தில் பல்ப் மாலை தொங்கவிடுவார்கள். இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஷட்டரை 1/50 அல்லது 1/100 செக்கனில் வைத்தால் மினுமினுப்புத் தொல்லை குறையும். பிளாஷுக்கு முன்னால் செம்மஞ்சள் ஜெல் (நிறத் தாள்) போடுங்கள், இல்லாவிட்டால் முகம் நீலம், பின்னால் எல்லாம் மஞ்சள். வாழ்த்துரை நடக்கும்போது பேசுகிறவரை இரண்டு படம் எடுத்தால் போதும். மற்ற நேரமெல்லாம் தூர நின்றே முகத்தை எடுக்கும் அந்த 85 லென்ஸைப் போட்டுக்கொண்டு பொம்பிளையின் அம்மாவைப் பாருங்கள்.

ட்ரோன் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் கேட்பார்கள். சீனக்குடாவில் விமானப்படை, துறைமுகத்தில் கடற்படை. பதிவும் அனுமதியும் கையில் இல்லாமல் தூக்க வேண்டாம்.

கடைசியாக, ஒரு கிழமைக்கு முன், அதே 9 மணிக்கு, வளவுக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். போகும்போது மேலேயும் பாருங்கள். பந்தல் போடும் இடத்துக்கும் நீங்கள் நிற்கப் போகும் மூலைக்கும் மேலே முற்றின தேங்காய் தொங்கினால் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பறிப்பியுங்கள். மரம் ஏற ஆள் பிடிப்பதற்கே இப்போது நாலு நாள் போகிறது.